பச்சைப் பொட்டு

சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. முயலின் தொடையெலும்பில் ஒரு துளை போட்டு, அதில் செயற்கை எலும்புக் குருணையை நிரப்பித் தைத்துவிடுவார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அந்த எலும்பை எடுத்து, பிளாஸ்டிக்கில் இறுகவைத்து, வைர ரம்பத்தால் சீவி, காகிதம்போல ஆகும்வரை தேய்த்து, சாயம் ஏற்றினால் அவள் மேசைக்கு வரும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்து, துளையில் எத்தனை சதவீதம் புது எலும்பு வளர்ந்திருக்கிறது என்று அவள் எண்ணிச் சொல்ல வேண்டும். வேறொன்றும் சொல்லக் கூடாது.

அந்த வேறொன்றில்தான் வினையே. ஸ்லைடின் ஓரத்தில் ஒரு நிறப் பொட்டு மட்டும் இருக்கும். நாலு நிறம், நாலு கூட்டம். ஒன்று புதுக் குருணை, ஒன்று ஏற்கெனவே கடையில் கிடைக்கும் பழைய குருணை, ஒன்று முயலின் இடுப்பிலிருந்தே சுரண்டி எடுத்த சொந்த எலும்பு, ஒன்று எதையும் வைக்காத வெறும் துளை. எந்த நிறம் எது என்ற பட்டியல் அரக்கு வைத்த உறையில், தலைமை விஞ்ஞானியின் அலமாரியில் இருந்தது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும் என்பதால் இந்த ஏற்பாடு. அவரோ கல்லுளிமங்கன், கொக்கி போட்டு இழுத்தாலும் வாயிலிருந்து ஒரு சொல் விழாது. அவருக்கே பட்டியல் தெரியாது என்பது வேறு கதை.

அவளுடைய தம்பி வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிறவன். காலையில் முட்டி போட்டால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். "கோயிலுக்குப் போகாமலே நாள் முழுக்கக் கும்பிடுறவன் நான்தான்க்கா" என்பான். பத்து மாதத்துக்கு முன்னால் வேன் ஒன்று அவன் வண்டியை இடித்ததில் வலது கீழ்க்காலில் நாலு விரல் நீளத்துக்கு எலும்பு பொடியாகிப் போனது. அவன் இடுப்பிலிருந்தே எலும்பைச் சுரண்டி வைத்துப் பார்த்தார்கள், கரைந்துவிட்டது. மறுபடி எடுக்க இடுப்பில் மிச்சமில்லை. புண்ணில் சீழும் வைத்துவிட்டது.

எலும்பு டாக்டர் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. "இப்பவே முட்டிக்குக் கீழ காலை எடுத்துட்டா முட்டி தப்பிச்சிடும். செயற்கைப் பாதம் மாட்டிக்கிட்டு மண்டி போடலாம், வேலையும் செய்யலாம். தள்ளிப்போட்டா நான் எதுக்கும் பொறுப்பில்ல."

"உங்க லேப்ல ஏதோ புதுக் குருணை சோதிக்கிறாங்களே, அது வந்தா?" என்று தம்பி அக்காவைப் பார்த்தான்.

"முயல்ல நல்லா வந்தா, மனுஷங்கள்ல முதல் ஆளா உன் பேரைக் குடுக்கலாம். அதுவும் புண் அடங்கினாத்தான். ஆனா சீழ் காலண்டர் பாத்து நடக்காதுப்பா" என்றார் டாக்டர்.

அந்த வாரம்தான் ஸ்லைடுகள் வரத் தொடங்கியிருந்தன. வெள்ளைப் பொட்டு வெறும் துளை, நீலம் பழைய குருணை. அதைச் சொல்லப் பூதக்கண்ணாடி வேண்டாம், சோடாபுட்டியே போதும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் சந்தேகம். பச்சையில் துளை இருந்த இடமே தெரியவில்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை உயிருள்ள எலும்பு. மஞ்சளில் செத்த துண்டுகள்போல என்னவோ கிடந்தன, ஒவ்வொன்றையும் சுற்றி நார்ச் சுவர். புதுக் குருணைக்கு எலும்பைப் போலவே சாயம் ஏறும், அந்தத் துண்டுகள் குருணையாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மஞ்சள்தான் சொந்த எலும்பு என்று முடிவுகட்டினாள். சொந்த எலும்பின் லட்சணத்தைத்தான் தம்பியின் காலிலேயே பார்த்தாயிற்றே! கண் சாயக் கூடாது என்று அரக்கு வைத்தார்கள், அவள் கண்ணோ ஆஸ்பத்திரியில் வைத்தே சாய்ந்துவிட்டிருந்தது.

அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவத்தை டாக்டர் தம்பியிடம் நீட்டியபோது குறுக்கே புகுந்தாள்.

"கையெழுத்துப் போடாதடா. ஆறு வாரத்துல உறையப் பிரிச்சிடுவாங்க, பொறு. பச்சைப் பொட்டுதான் புதுக் குருணை, பிரமாதமா வந்திருக்கு" என்றாள்.

"நிச்சயமா அக்கா?"

"என் கண்ணு என்னைக்குடா பொய் சொல்லியிருக்கு?"

தம்பி பேனாவை மூடி டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தான். கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த அவனுடைய முட்டி உறைகள் இரண்டையும் எடுத்துத் தூசி தட்டினான். வேலையின்போது கட்டிக்கொள்ளும் கனத்த ரப்பர் உறைகள். "ரெடியா இருங்கடா" என்று அவற்றிடம் சொன்னான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பிறகு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும்.

நாலு வாரம் ஒரு குறையும் இல்லை. ஐந்தாவது வாரம் காய்ச்சல் தூக்கியடித்தது. சீழ் முட்டிக்குள் ஏறிவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது, உயிரைக் காப்பாற்ற முட்டிக்கு மேலே எடுத்து முடித்திருந்தார்கள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

கண் விழித்த தம்பி அவளைத்தான் தேற்றினான். "நீ ஏன் அழற? நமக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான். அடுத்து எவனோ ஒருத்தனுக்குக் கால் நிக்கும்ல. நான் காத்திருந்தது வீண் போகாது."

அடுத்த வாரம் உறையைப் பிரித்தார்கள். எண்ணிக்கையெல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு, எல்லாரையும் உட்காரவைத்து, கல்லுளிமங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். வெள்ளை, வெறும் துளை. நீலம், பழைய குருணை. மஞ்சள், புதுக் குருணை. பச்சை, சொந்த எலும்பு.

மஞ்சளுக்கு அவள் போட்டிருந்த எண் பதினொரு சதவீதம். அந்த எண்ணில் தப்பே இல்லை. எண்ணிச் சொல்லச் சொன்னதை ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். சொல்லாதே என்றதைச் சொன்னதில்தான் ஒரு முட்டி போனது.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே போய் நின்றாள். சொல்லாமல் விட்டால் அவனுக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"உறையப் பிரிச்சாங்களா அக்கா? பச்சை தானே?"

"பச்சை புதுசு இல்லடா. அது முயலோட சொந்த எலும்பு. மஞ்சள்தான் புதுசு. அது தேறல."

தம்பியின் கை பழக்கத்தில் முட்டியைத் தேய்க்கப் போய், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் நின்றது.

"அப்போ காத்திருந்தது?"

அவனே எட்டிக் கட்டிலுக்குக் கீழே துழாவி, வலது பக்கத்து முட்டி உறையை மட்டும் எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இத நீ எடுத்துட்டுப் போ. இங்க இருந்தா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கிற குரலில்தான் சொன்னான். ஒரு பஸ் நிறுத்தம் தள்ளிப் போய்த்தான் அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். ரப்பரின் உள்பக்கம் பதினைந்து வருஷம் அவன் முட்டி அழுந்திய பள்ளம் வழவழவென்று அப்படியே இருந்தது. அவள் அதில் கையை வைத்து மூடிக்கொண்டாள்.