பாட்டு ஓடாத நேரம்

"அம்மா, தலையைக் கொஞ்சம் குனிங்க" என்று பின்னிக்கொண்டிருந்த பொக்குவா தோளைத் தொட்டதும் கொனாடு குனிந்தாள். குனிவதில் அவளுக்கு இப்போதெல்லாம் சிரமமே இல்லை. மடியில் வைத்திருந்த பாட்டுப்பெட்டியின் திரையைப் பார்க்க அதுதான் வசதியும்கூட. திரையின் உச்சியிலிருந்து ஒரு நீளக் கட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி, சுவரோரமாக இருந்த சந்தில் செருகினாள். அடுக்கியிருந்த வரிசை முழுசாகி மறைந்தது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டாள்.

இதற்கு முன்னால் அவளைத் தலை பின்ன உட்காரவைப்பது லேசான காரியமில்லை. பொடிப்பொடியாகப் பின்னி முடிக்க ஒரு பகல் பிடிக்கும். கொனாடுவால் சர்ச்சில் பிரசங்கம் முடியும்வரைகூடச் சும்மா உட்கார முடியாது. இழுக்கிறாய் என்பாள், வலிக்கிறது என்பாள், எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவில் போகிறவளைக் கூப்பிட்டு வாழைப்பழம் பேரம் பேசுவாள். குமாசி நகரத்தில் இரண்டு மூன்று அழகு நிலையங்களில் அவள் தலை தெரிந்தாலே 'இன்னைக்கு ஆள் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். மகன் பாஃபூர்தான் ஆசாஃபோ பகுதியில் ஒரு நீல நிறக் கன்டெய்னர் கடையைக் காட்டி, இங்கே நன்றாகப் பின்னுவார்கள் என்றான். 'கடவுள் பார்த்துக்கொள்வார் அழகு நிலையம்' என்று வாசலில் எழுதியிருந்தது. அத்தோடு, உட்கார்ந்திருக்கும்போது கேட்பதற்கென்று இந்த எம்பி ஃபோர் பிளேயரையும் வாங்கிக் கொடுத்தான். சர்ச் பாட்டு, அவள் வாலிபத்தில் ஆடிய பழைய ஹைலைஃப் பாட்டு எல்லாம் ஏற்றியிருந்தான். ரேடியோ இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, குரல் பதியலாம், போட்டோ பார்க்கலாம் என்று ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக் கொடுத்தான். விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எதற்கு என்று நினைத்திருப்பான்.

அதை அவளே கண்டுபிடித்தாள். அடுத்த பாட்டைத் தேடி எதையோ அழுத்தப்போக, பாட்டு நின்று கட்டைகள் விழ ஆரம்பித்தன. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு அது புரிந்துவிட்டது. கெஜேட்டியா சந்தையில் அவளுடைய துணிக்கடை ஒரு கோழிக்கூண்டு அளவுதான்; அதற்குள்தான் முப்பது வருஷமாகத் துணிக் கட்டுகளை ஒரு விரல் இடம் வீணாகாமல் அடுக்கி வருகிறாள். எந்தக் கட்டை எங்கே போகும் என்பதைக் கண் பார்ப்பதற்குள் கை செய்தது. அதிலிருந்த மற்ற விளையாட்டுகளான பாம்பும் பந்தும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இதுதான் விளையாட்டு.

அந்தப் பெட்டியில் விளையாட்டைத் திறந்தால் பாட்டு ஓடாது. சத்தமே இருக்காது. ஆனாலும் காதில் செருகிய ஒயரை அவள் எடுக்கவில்லை, சோம்பல்தான். அப்படித்தான் அந்த முதல் நாளிலேயே இன்னொன்றும் தெரியவந்தது. காதில் ஒயர் இருக்கிற பெண்பிள்ளையை யாரும் மனுஷியாகவே எண்ணுவதில்லை.

பொக்குவாவும், கூட வேலை பார்க்கும் டூஃபியும் ஆளுக்கொரு பக்கம் நின்று பின்னியபடி, அவள் தலைக்கு மேலே பேச ஆரம்பித்தார்கள். டூஃபியின் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் வளர்க்கும் ஆடு அவள் பாவாடையைத் தின்ற கதை. பாதிரியார் மனைவியின் சவுரி பாட்டுக்கு நடுவே கழன்று விழுந்த கதை. கொனாடு சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் ஒரு கட்டை குறுக்காக விழுந்தது. இப்படி ஒரு பேச்சைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அவள் கடைவீதிக்குள் நுழைந்தால் பக்கத்துக் கடைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டு நலம் விசாரிக்கிறார்கள். வீட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் தங்கை பெண்கள் குழாயை மூடுவதுபோல வாயை மூடுகிறார்கள். மரியாதைதான். ஆனால் மரியாதைக்கு ருசி கிடையாது.

அதற்கப்புறம் தலை கலைவதற்கு முன்னாலேயே மறுபடி பின்னிக்கொள்ள வரத் தொடங்கினாள். 'அந்த இடம் பிடிச்சிருக்காம்மா?' என்று பாஃபூர் முகமெல்லாம் பல்லாகக் கேட்டபோது, இவனுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று அவள் யோசிக்கவில்லை.

அவளை இழுத்தது பொக்குவாவின் கதை. பொக்குவாவுக்கு ஓர் ஆள் இருந்தான். டூஃபி அவனை 'அம்மா பிள்ளை' என்றுதான் சொல்வாள். நல்லவன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், குடிக்க மாட்டான். ஆனால் அவனுக்கு ஒரு தாய்! சட்டை எடுத்தால் அவள் தடவிப் பார்த்துச் சரி என்றால்தான் போட்டுக்கொள்வான். முன்பு ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துப் போனபோது, அவள் சூப்பை உறிஞ்சிய சத்தம் சரியில்லை என்று அனுப்பிவிட்டாளாம் அந்தத் தாய். ஃபிரீசரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதான் தூங்குவாளாம். ஃபிரீசரை கொனாடுவும் பூட்டுகிறவள்தான். ஊரில் பாதிப் பேர் பூட்டுகிறார்கள், மீன் விற்கிற விலைக்கு வேறென்ன செய்வது. சூப்பை உறிஞ்சுகிற பெண்களுக்கும் பஞ்சமில்லை, அதை எந்தத் தாய் பொறுப்பாள். மற்றபடி அந்தத் தாய் மகா கொடுமைக்காரி என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. பாவம் இந்தப் பெண், கை இவ்வளவு மெத்தென்று இருக்கிறது, இவள் போய் அங்கே மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று கட்டைகளை அடுக்கிக்கொண்டே வருத்தப்பட்டாள்.

இன்றைக்கும் அவள் குனிந்து விளையாட்டைத் திறந்ததும் டூஃபி ஆரம்பித்துவிட்டாள். "என்னடி, உன் அம்மா பிள்ளை என்ன சொல்றான்?"

"வீட்டுக்கு வா, வந்து அம்மாவைப் பாருன்னு நச்சரிக்கிறான். நான்தான் முடியாதுன்னு சொல்லிடலாம்னு பாக்கிறேன்."

"ஐயோ, ஏன்டி?"

"போன சனிக்கிழமை மாம்பொங் ஊர்ல ஒரு சாவுக்குப் போயிருந்தாங்களாம். எல்லாரும் உட்கார்ந்தாச்சு, சாப்பாடு வந்தாச்சு. இந்தம்மா எந்திரிச்சு, மேல வெயில் படுது, பந்தலை நகர்த்துன்னுச்சாம். கட்டின பந்தல்டி! மூங்கிலைப் பிடுங்கி, சேரையெல்லாம் தூக்கி, செத்தவங்க வீட்டு ஆம்பளைங்களே வந்து நகர்த்தினாங்களாம்."

டூஃபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரையில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவிலேயே குவிந்து உச்சியைத் தொட்டன. ஆட்டம் முடிந்தது.

போன சனிக்கிழமை மாம்பொங்கில் பந்தலை நகர்த்தச் சொன்னவள் கொனாடு.

காது மடல் சூடேறியது. முதலில் வந்த கோபம் மகன்மீதுதான். பெற்றவளை ஊர் சிரிக்க விற்றிருக்கிறான். அழகு நிலையம் காட்டினானாம், பாட்டுப்பெட்டி வாங்கிக் கொடுத்தானாம்! இவளுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. ரெண்டு பேரும் தானாகப் பழகட்டும் என்று திட்டம் போட்டிருக்கிறான். ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் தலையில் பாதிதான் பின்னியிருந்தது. மறு பாதி காற்றில் பறக்கத் தெருவில் நடக்க அவளால் முடியாது. கட்டைவிரல்கள் தாமாகவே புதிய ஆட்டத்தைத் தொடங்கின.

"அவன் இதையெல்லாம் குறையாவா சொல்றான்?" என்றாள் டூஃபி.

"குறையா சொன்னாப் பரவாயில்லையே. அவங்கம்மா மாதிரியே இடுப்புல கை வெச்சுக்கிட்டுப் பேசிக் காட்டுவான். சொல்லும்போதே அவன் மொகத்தைப் பாக்கணும், அப்படி ஒரு பெருமை. எனக்கே அந்தம்மாவைப் பாக்காமலே பிடிச்சுப்போச்சு. அதான் பயமா இருக்கு. எங்கம்மா போனதிலேர்ந்து என்னை யாரும் அதட்டினதே இல்ல. அவங்க சூப்பைக் குடுத்துட்டு என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா, எனக்குத் தொண்டையில இறங்குமா?"

கொனாடுவின் கண் கலங்கிவிட்டது. அது கோபமா என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. கண்ணைக் கொட்டிக்கொண்டு பார்த்தபோது திரை கறுத்துப்போயிருந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. பெட்டி அணைந்தது, காதில் பாட்டில்லை என்று தெரிந்தால் பேச்சும் நின்றுவிடும் என்ற பதற்றத்தில், கறுத்த திரையிலேயே விரல்களை வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமுடிக்குள் இருந்த கைகள் அசையாமல் நின்றன.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பொக்குவா அவள் தோளுக்கு மேலாக மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியே ஒரு மினிபஸ்காரன் 'கெஜேட்டியா, கெஜேட்டியா' என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். டூஃபியின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"ஏன் நிறுத்திட்ட? பின்னு" என்றாள் கொனாடு.

"அம்மா... பாட்டு..."

"இந்த விளையாட்டுக்குப் பாட்டெல்லாம் கிடையாது." ஒவ்வொரு காதாக ஒயரை எடுத்து மடியில் சுருட்டி வைத்தாள். பிறகு கண்ணாடியில் இருந்த பொக்குவாவிடம் சொன்னாள்: "வெயில் என் மேல படல. பக்கத்துல எங்கக்கா உட்கார்ந்திருந்தா, எண்பது வயசு. மயக்கம் வர்ற மாதிரி இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதே, வெக்கமா இருக்குன்னா. அதான் என் மேல படுதுன்னு சொன்னேன்."

டூஃபிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும், "நான் போய்ச் சாப்பிடக் கென்கி வாங்கிட்டு வந்துடறேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, காலில் ஜோடி மாறிய செருப்போடு வெளியே ஓடினாள்.

 பொக்குவா பாதியில் நின்ற பின்னலை எடுத்து மறுபடி தொடங்கினாள்.  ஒரு பின்னல் முடிந்து அடுத்ததுக்கு வகிடு எடுக்கும்போது, வாய்க்குள்ளேயே முனகுவதுபோலக் கேட்டாள். "அப்ப அந்த ஃபிரீசர் சாவி?"

"அது நிஜம்தான்."

"சூப்பு குடிச்ச பொண்ணு?"

"அதுவும் நிஜம்தான். நீ கேட்டிருந்தா நீயும் அனுப்பியிருப்ப. ஆடு தண்ணி குடிக்கிற மாதிரி குடிச்சா."

பொக்குவா மூக்கின் வழியாக வந்த சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், நெற்றியை கொனாடுவின் தோளிலேயே சாய்த்துக்கொண்டு குலுங்கினாள். கொனாடுவும் சிரித்தாள். யாருக்கும் தெரியாமல் அடக்கிவைத்திருந்த ஆட்டுக்கதை, சவுரிக் கதைச் சிரிப்பெல்லாம் இப்போதுதான் சேர்ந்து வந்தது.

"என் மேல கோவமாம்மா?"

"இருக்கு. சாயங்காலம் வரைக்கும் இருக்கும். அப்புறம் பாத்துக்கலாம்." பிறகு ஞாபகம் வந்தவளாக, "இதோ பாரு, அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத. எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியவே வேணாம். என்னை ஏமாத்தினான் இல்ல? கொஞ்ச நாள் முழிக்கட்டும்."

"வீட்டுக்கு வான்னு கூப்பிட்டா?"

"வா. என்னை முதல் தடவை பாக்கிற மாதிரி வா."

 வெயில் தாழும் நேரத்தில் பொக்குவா கடைசிப் பின்னலின் நுனியை முடிந்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைத் தூக்கி வந்தாள். கொனாடுவின் தோளில் துண்டைப் போட்டாள். ஒரு கையால் பின்னல்கள் எல்லாவற்றையும் கொத்தாகத் திரட்டி முதுகில் படாமல் தூக்கிப் பிடித்து, நுனிகள் பிரியாமலிருக்க அவற்றை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மெதுவாக இறக்கினாள். ஆவி குபுகுபுவென்று எழுந்து கண்ணாடியை மூடியது. கொனாடு கண்ணை மூடி, தலையின் கனம் முழுவதையும் அந்தக் கையில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.