எல்லோருக்கும் பிடித்த வசனம்

மதியச் சாப்பாட்டு அறையில் வரவேற்பறைப் பெண் ஒரு கையால் சாப்பிட்டபடி மறுகையில் இருந்த கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இதைக் கேளுங்களேன். 'இப்படி ஒரு மேனேஜர் கிடைச்சா ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸுக்கு ஓடுவேன்'னு ஒருத்தி எழுதியிருக்கா. அதுக்குக் கீழ இன்னொருத்தி, 'வரிசையில நில்லும்மா, எனக்கு அப்புறம்தான் நீ'ங்கறா."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு கிளம்பியது. டீச்சரும் சிரித்தாள். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தவள் இல்லை. எல்லோருடைய மின்னஞ்சலிலும் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் திருத்திக் கொடுத்துக் கொடுத்து வந்த பெயர் அது. பார்சல் அனுப்பும் அந்த நிறுவனத்தில், உடைந்தும் நசுங்கியும் போய்ச் சேர்ந்த பொருள்களுக்காகச் சண்டை பிடிப்பவர்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. வருத்தம் தெரிய வேண்டும், ஆனால் தப்பு நம்முடையது என்று ஆகிவிடக் கூடாது. அந்தக் கயிற்றின் மேல் அவளைப் போல நடக்க அலுவலகத்தில் ஆள் கிடையாது.

கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த தொடர்கதையை எழுதுவதும் அவள்தான். அது அந்த மேஜையில் ஒருவருக்கும் தெரியாது. வேறொரு பெயரில் ஓர் இணையதளத்தில் வாரம் ஓர் அத்தியாயம் போட்டாள். கடுகடுப்பான மேலாளர், புதிதாகச் சேர்ந்த வாயாடிப் பெண், பார்த்த நாள் முதல் இருவருக்கும் ஆகாது, ஆனால் ஆகப்போகிறது என்பது படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ வருடமாக எதையெதையோ எழுதிப் பெட்டியில் போட்டு வைத்தவளுக்கு இந்தக் கதை எங்கிருந்தோ ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தது. பேருந்தில், குளியலறையில், பால் பொங்கும் வரை அடுப்படியில் நின்றுகூட அந்தப் பின்னூட்டங்களைப் படித்தாள். யாரோ தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"எதுக்கு இவ்வளவு கூத்து? அந்த ஆள் என்னதான் பண்ணினான்?" என்று கேட்டாள் ரேடியோ. டீச்சருக்குப் பக்கத்து இருக்கை. வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் பெண். இடைவேளையிலும் வாய் ஓயாததால் ரேடியோ. கொஞ்ச மாதங்களாக ஒலியளவு குறைந்திருந்தது. ஏன் என்று டீச்சருக்கு மட்டும் தெரியும்.

"எல்லார் முன்னாடியும் அவ ஃபைலைத் தூக்கி எறிவான். அவ கண்ணுல தண்ணி முட்டிட்டு நிப்பா. அப்போ கிட்ட வந்து மெதுவா சொல்லுவான் பாரு..." வரவேற்பறைப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "'அழுகை வருதா? அழு. அழுதாத்தான் உன் மூஞ்சி பார்க்கற மாதிரி இருக்கு.' ஐயோ, செத்தே போயிட்டேன். ரோஜாப்பூ எல்லாம் போட்டு இதைப் படமாவே பண்ணி அனுப்பிட்டிருக்காங்க. என் அண்ணிகூட ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கா."

ரேடியோ சிரிக்கவில்லை. கரண்டியை டப்பாவுக்குள் வைத்தாள். மூடியைப் பொருத்தினாள். அது சரியாக உட்காராமல் நழுவியது, திரும்பப் பொருத்தினாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

அந்த வாக்கியம் அவளுடையது. அவளிடம் சொல்லப்பட்டது. ஒரு மாலை, இதே அலுவலகத்தின் மேலாளர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தவறாகப் பதிந்த ஒரு முகவரிக்காகக் கத்தி முடித்தபின், மேஜையைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்று சொன்னது. மாடிப்படியில் உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அதை டீச்சரிடம் சொன்னாள். "எங்க அம்மாகிட்டகூடச் சொல்ல மாட்டேங்க்கா. அசிங்கமா இருக்கு." டீச்சர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அவன் கிடக்கான் விடும்மா" என்றாள். அந்தக் கை பொய்யில்லை. ஆனால் தடவிக்கொண்டிருக்கும்போதே அந்த வாக்கியத்தை மறந்துவிடக் கூடாது என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் இடம் கிடைத்ததும் கைபேசியில் தட்டி வைத்துக்கொண்டாள். கதையில் சேர்க்கும்போது, மேலாளரின் குரலில் யாருக்கும் தெரியாத ஒரு நடுக்கம் இருந்ததாக ஒரு வரி கூட்டினாள். அந்த ஒரு வரியில் அது காதலாகிவிட்டது.

அன்று மாலை நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரேடியோ வந்து நின்றாள்.

"நான் உங்க ஒருத்திகிட்டதான் சொன்னேங்க்கா."

இயந்திரம் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. டீச்சர் தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்தாள். "என்னம்மா சொல்றே? இந்த மாதிரி ஆளுங்க எல்லா ஆபீஸ்லயும்தான் இருக்கானுங்க. எவளோ எழுதியிருப்பா."

ரேடியோ அவள் முகத்தையே பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு. "இருக்கும்" என்றாள். போகத் திரும்பியவள் நின்று, "கடைசியில அவ அவனையேதான் கட்டிக்குவாளா?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் டீச்சர்.

அதற்கு அடுத்த வாரம் ரேடியோ தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினாள். விஷயம் பரவியபோது வரவேற்பறைப் பெண்ணுக்குக் கண் அகன்றது. "இது அந்தக் கதையில வர்ற வசனமாச்சே!" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது மேலாளர் காதுக்குப் போனது. அந்த மனிதர் அத்தியாயத்தைத் தேடி எடுத்து, வாக்கியத்துக்கு மஞ்சள் நிறம் பூசி, விசாரணைக்கு அனுப்பிவைத்தார். கண்ட கதையைப் படித்துவிட்டுத் தன்னையே கதாநாயகியாக நினைத்துக்கொண்ட பெண்ணின் கற்பனை இது என்றார். அந்தக் கதைக்கு வந்த பின்னூட்டங்களையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். பாருங்கள், இந்தக் காலத்துப் பெண்கள் எதற்கெல்லாம் ஆசைப்படுகிறார்கள் என்று.

சாப்பாட்டு அறையில் இப்போது ரேடியோவுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. டீச்சர் தன் இருக்கையிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டாள். அங்கே ஒருநாள் ரேடியோ வந்தாள்.

"சாட்சின்னு உங்க பேரைக் கொடுத்திருக்கேங்க்கா. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்னு. கதை யாரோடதுன்னு நான் வாயைத் திறக்கலை."

"ஏம்மா இதையெல்லாம் கிளப்பறே?" என்றாள் டீச்சர். "அப்பவே விட்டுட்டதுதானே."

"கதையா வந்தா எல்லாரும் ரசிக்கறாங்க. புகாரா எழுதினா என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாமேன்னு எழுதினேன்." அவள் கொஞ்சம் சிரித்தாள். "பார்த்துட்டேன்."

விசாரணை நாளன்று காலை, டீச்சரின் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். கதை அவளுடையது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதைப் புத்தகமாகப் போடுகிறோம் என்று ஒரு பதிப்பகத்தார் கேட்டிருந்தார்கள். அந்த மின்னஞ்சலை அவளை விட அதிக தடவை படித்தவரும் அவர்தான்.

"அந்தப் பொண்ணு உன்கிட்ட சொன்னது உண்மைன்னு மட்டும் சொல்லிட்டு வா. கதைப் பேச்சை எதுக்கு எடுக்கறே?"

"கதையைக் காட்டித்தானே அவளைப் பொய்க்காரிங்கறாங்க."

"எழுதறவங்க ஊர்ல கேட்டதை எழுதறதுதான். நீ என்ன, பேரைப் போட்டா எழுதினே?"

அவர் காலரைத் திருப்பி அழுத்தினார். "புத்தகம் போயிடும்மா" என்றார் மெதுவாக. அவள் மனதில் இருந்ததும் அதேதான். ஒரு பெண்ணின் மானத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் தன் பெயர் அச்சான அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் கூசியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கூட்ட அறையில் நீள மேஜையின் ஒரு பக்கம் மேலாளரும் மறுபக்கம் ரேடியோவும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறவர். "இந்தப் பொண்ணு உங்ககிட்ட எப்போ சொன்னாங்க? கதை வந்த பிறகா, முன்னாடியா?"

"முன்னாடி."

"அது எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

மேலாளர் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "அந்தக் கதையை எழுதினது நான்" என்றாள் டீச்சர். "இவ சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினேன்."

பேனா நின்றது. அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மஞ்சள் பூசிய தாளைப் பார்த்தார். பின்னூட்டங்களைப் புரட்டினார். இதயக்குறிகளும் ரோஜாக்களுமாகப் பக்கம் பக்கமாக இருந்தன. நிமிர்ந்தபோது குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "இவங்க அழுதுட்டுச் சொன்னாங்க. நீங்க அதை எடுத்து, ஒரு பொண்ணு இதைக் கேட்டு அவன் மேல ஆசைப்படற மாதிரி எழுதினீங்களா?"

"ஆமாங்க."

"ஏம்மா?"

நன்றாக வந்திருந்தது. எல்லோருக்கும் பிடித்தது. இரண்டு பதிலும் உண்மை. இரண்டையும் ரேடியோவின் முன்னால் சொல்ல முடியவில்லை. டீச்சர் மேஜை விளிம்பில் பெயர்ந்திருந்த ஒட்டுப்பலகையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். விரலை எடுத்ததும் அது மறுபடி எழும்பியது.

மேலாளர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. விடுப்பு என்றார்கள், மாற்றல் என்றார்கள். வேலை போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் கதையை நிறுத்தினாள். இனி தொடர முடியாது என்று மட்டும் எழுதிவிட்டு, அத்தியாயங்களை எல்லாம் நீக்கினாள். பதிப்பகத்துக்கும் புத்தகம் வேண்டாம் என்று எழுதினாள். வாசகர்கள் கொதித்தார்கள். இப்படிப் பாதியில் கழுத்தறுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்றார்கள். உங்களுக்கு முடிக்கத் தெரியாவிட்டால் நாங்களே முடித்துக்கொள்கிறோம் என்றாள் ஒருத்தி, முடித்தும் விட்டாள். கல்யாணம் வரை கொண்டுபோயிருந்தாள். அந்த வாக்கியத்தை மாப்பிள்ளை மணமேடையில் இன்னொரு தடவை சொன்னான். அவளுக்கு வந்த பாராட்டுகளை டீச்சர் ஒன்று விடாமல் படித்தாள். அதில் சில, தனக்கு முன்பு வந்தவற்றைவிட நன்றாக எழுதப்பட்டிருந்தன.

அலுவலகத்தில் இருக்கைகளை மாற்றினார்கள். ரேடியோ வேறு தளத்துக்குப் போய்விட்டாள். ஒரு மாலை இருவரும் தனியாக ஒரே மின்தூக்கியில் மாட்டிக்கொண்டார்கள். கதவு மூடியதும் டீச்சர் தொண்டையைச் செருமினாள். எத்தனையோ பேருக்கு எழுதிய வருத்தங்கள் மனப்பாடமாக வரிசை கட்டி நின்றன. எதை எடுத்தாலும் அதில் ஏற்கெனவே யாரோ ஒருவரின் உடைந்த கண்ணாடிச் சாமான் இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா..."

"வேணாங்க்கா." ரேடியோ மேலே மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தாள். "நீங்க நல்லாச் சொல்லுவீங்க. அதான் பயமா இருக்கு."

அடுத்த தளத்தில் கதவு திறந்தது. சரக்கு ஏற்றும் ஆள் ஒருவர் தள்ளுவண்டி நிறைய அட்டைப்பெட்டிகளோடு உள்ளே நுழைந்தார். "கொஞ்சம் நகர்ந்துக்கங்கம்மா" என்று இருவருக்கும் நடுவே வண்டியை நுழைத்தார். டீச்சர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பெட்டிகள் தலைக்கு மேல் வரை அடுக்கியிருந்தன. அந்தப் பக்கம் ரேடியோ யாருக்கோ கைபேசியில் பேச ஆரம்பித்தாள். வந்துட்டே இருக்கேன், சோப்பு தீர்ந்துபோச்சா, துவைக்கறதா குளிக்கறதா, சரி ரெண்டுமே வாங்கிட்டு வரேன். தரைத்தளத்தில் கதவு திறந்தது. அந்தக் குரல் வெளியே போவது கேட்டது. வண்டிக்காரர் சக்கரத்தைத் திருப்பப் போராடிக்கொண்டிருந்தார். பெட்டிகள் வழியை விடும் வரை டீச்சர் பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளேயே நின்றாள்.