மீசை கொடுத்த தோல்

மீசைக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டே பெருமைகள். ஒன்று அந்த மீசை. இன்னொன்று, நாள் முழுக்க நின்று முடிவெட்டினாலும் சளைக்காத அவருடைய கால்கள். யார் கண் பட்டதோ, காலுக்குத்தான் கேடு வந்தது. முழங்காலுக்குக் கீழே வந்த சின்னப் புண் களிம்பு, மாத்திரை, கட்டு எதற்கும் மசியாமல் இரண்டு வருடமாக உட்கார்ந்துகொண்டது. அவரையும் உட்கார வைத்துவிட்டது. சலூனை மச்சான் பார்த்துக்கொண்டான். மனுஷன் மூலையில் காலை நீட்டிக்கொண்டு, "காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுடா" என்று வாயாலேயே முடிவெட்டினார்.

இதற்கு நடுவில் மனைவி வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையில் கத்தரி வைத்தவர் அவர் ஒருவர்தான். "நீங்க எழுந்து நின்னு வெட்டுங்க. அதுவரைக்கும் வளர்ந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். முடி இடுப்பைத் தாண்டி இறங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கை கத்தரியைத் தேடியது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு புது வழி சொன்னார்.

"முடியோட வேர்ல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. அதுலேருந்து புதுத் தோலே வளர்க்கலாம். உங்க தலையிலேருந்து கொஞ்சம் முடி எடுத்து, லேப்ல வளர்த்து, புண்ணு மேல வைப்போம். அடுத்த வாரம் வாங்க."

"இதுவும் சரிவரலைன்னா?"

"நிக்கிற வேலையை மறந்துட வேண்டியதுதான்."

அடுத்த வாரம் கிளம்புவதற்கு முன் மாமனும் மச்சானும் ஒரு காரியம் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் எங்கே கத்தி வைப்பதானாலும் முதலில் அந்த இடத்தை மழிப்பார்கள். அந்த வேலைக்கு எத்தனையோ முறை மீசைக்காரரே போயிருக்கிறார். தொழில் தெரிந்தவன் தலையை வெளியாள் மழிப்பதா? மச்சான் சவரக்கத்தியை எடுத்து மாமன் தலையைப் பளபளவென்று ஆக்கிவிட்டான்.

டாக்டரம்மா அந்தத் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது யாரு செஞ்ச வேலை?"

"என் மச்சான்தாங்க. சுத்தமான கை."

"தலையும் சுத்தமாத்தான் இருக்கு. வேரோட பிடுங்கணும்னா பிடிச்சு இழுக்க முடி வேணாமா? இனி வளர்ற வரைக்கும் இந்தப் புண்ணு தாங்காதே."

மச்சானின் முகம் செத்துப்போனது. டாக்டரம்மாவின் பார்வை மெல்லக் கீழே இறங்கி, மூக்குக்கு அடியில் வந்து நின்றது. மீசைக்காரரின் கை தானாக மீசையை மூடிக்கொண்டது.

"இது ஆகுமா டாக்டர்?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா லேபுக்குப் போன் போட்டுக் கேட்டார். "ஆகுமாம். ஒரு பக்கம் இருந்தாலே போதும்."

"ஒரு பக்க மீசையோட நான் எப்படித் தெருவுல நடக்குறது?"

"ரெண்டு பக்க மீசையோட இப்ப எங்க நடக்குறீங்க?" என்றாள் மனைவி.

அவர் டாக்டரம்மாவிடம் முகத்தை நீட்டினார். ஒவ்வொரு முடியும் வேரோடு வரும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது. மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மறுபக்கத்தை மச்சான் மழித்தான். "இந்த உதட்டை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சில வாரங்களில் லேபிலிருந்து தோல் வந்தது. சட்டைப் பொத்தான் அளவில் மெல்லிய வட்டங்கள். அவற்றைப் புண்மேல் அடுக்கிக் கட்டினார்கள். ஒவ்வொரு முறை கட்டைப் பிரித்தபோதும் புண் சுருங்கியிருந்தது. கடைசியில் ஒருநாள் புண்ணே இல்லை. பால்குடிக் குழந்தையின் கன்னம்போல இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது.

"இதுல மீசை முளைக்குமா டாக்டர்?"

"முளைச்சா முறுக்கி விட்டுக்கோங்க."

அங்கிருந்து நேராக சலூனுக்கு வந்தார்கள். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முடி நாற்காலிக்குக் கீழே தொங்கியது. அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார். இரண்டு காலிலும் நன்றாக ஊன்றி நின்றார்.

வெட்டினார். சீவிப் பார்த்தார். இந்தப் பக்கம் வந்து ஒரு நூல் அளவு எடுத்தார், அந்தப் பக்கம் போய் ஒரு நூல் அளவு எடுத்தார். வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று மச்சானுக்குத் தெரியும். அவன் தரையில் விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"போதுங்க. இன்னும் விட்டா எனக்கும் மொட்டைதான்" என்றாள் அவள். "கத்தரியை வச்சுட்டு வந்து உட்காருங்க."

அவர் கத்தரியை வைத்தார். "உட்கார மாட்டேன்" என்றார்.