ஐம்பத்தெட்டு சதவீதம்

டாக்டர் அம்மாவை இந்தியில் திட்டிக்கொண்டிருந்தார். இன்சுலினைச் சூட்டில் கெடவிட்டுப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஐந்நூறைத் தொடாமல் என்ன செய்யும் என்றார். அம்மா படுத்தபடியே, "கல்தி ஹோ கயி, டாக்டர் சாப்" என்று தப்பை ஒப்புக்கொண்டாள். தவறு என்னுடையது. நான் அவளுடைய மருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டெல்லி மயூர் விஹாரில் அம்மா நாலு வீட்டில் சமைக்கிறாள். அந்த ஃப்ரிட்ஜ்களில் அழுகின தக்காளிக்குக்கூட இடமுண்டு, சமைக்கிறவளின் மருந்துக்குக் கிடையாது. அதனால்தான் ஐஸ் வைக்கிற டப்பா ஒன்று செய்துகொடுத்தேன். மூடியில் தீப்பெட்டி அளவு இ-பேப்பர் திரை. மேலே டப்பாவுக்குள் எத்தனை டிகிரி, கீழே பேட்டரி எவ்வளவு மிச்சம். "எட்டைத் தாண்டினா ஐஸ் கேட்டு வாங்கி மாத்து" என்று சொல்லியிருந்தேன். ஐஸ் கேட்பது அவளுக்குப் பிச்சை கேட்பதுபோல. தாண்டாதவரை கேட்கமாட்டாள்.

போன வாரம் திரை ஆறிலேயே நின்றது. பேட்டரி ஐம்பத்தெட்டு.

"ஸ்வப்னா, மூணு நாளா அதே நம்பர்தான் நிக்குதுடி."

"நின்னா நல்லதுதானே. இன்ஜினியரிங் படிச்சது நானா நீயா?"

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். முப்பது வருஷமாக பஸ் நம்பர் பார்த்தே இந்த ஊரில் பிழைத்தவள். எங்கள் வீட்டின் முதல் டிகிரிக்காரி நான், ஒரு தடவை டப்பாவைத் திறந்து விரல் வைத்துப் பார்த்திருக்கலாம். சார்ஜ் செத்தாலும் கடைசியாகக் காட்டியதை அப்படியே வைத்திருக்கிற திரை அது. தெரியும். பேட்டரிக் கணக்கையும் வோல்டேஜை வைத்து நேர்கோடாகப் போட்டிருந்தேன். பேட்டரி அப்படி இறங்காது, பாதியில் நிற்பதுபோல் நின்று படக்கென்று விழும். அதுவும் தெரியும். ஆபீஸ் வேலை என்றால் இப்படிக் கொடுத்திருப்பேனா? அம்மாவுக்குத்தானே, போதும் என்று விட்டேன். நேற்று யாரோ வீட்டு அடுப்படியில் அவள் சுருண்டு விழுந்தாள்.

டாக்டர் போனதும் அம்மா சொன்னாள், "மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. டப்பா மேல தப்பில்ல. நான்தான் அடுப்பாண்ட வச்சிருப்பேன்."

மூடியின் அடியைத் திறந்து, செத்துப்போயிருந்த பேட்டரியைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இதப் பாரும்மா" என்றேன்.

அவள் பேட்டரியைப் பார்க்கவில்லை. டிரிப்ஸ் ஏறாத கையால் மூடியைத் தன் பக்கம் திருப்பினாள். ஆறு. ஐம்பத்தெட்டு. தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அது மாறுவதற்காகக் காத்திருந்தாள்.