தேறிவிடக் கூடாதே

அறுபத்து நான்கு வயதில் வெர்னிட்டா போல்டன் கல்லூரிக்குப் போவதைப் பார்த்து மேக்கன் நகரத்தில் மெச்சாதவர்கள் இல்லை. அவள் போகும் கறுப்பினத்தவர் சபையில் போதகர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "படிக்கிறதுக்கு வயசா முக்கியம்? நம்ம சிஸ்டரைப் பாருங்க!" என்று எல்லோரையும் கைதட்ட வைத்தார். வெர்னிட்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கண்ணைத் தாழ்த்தி, அடக்கமே உருவாக நின்றாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஏனென்றால் அவள் கல்லூரிக்குப் போனது படிப்பதற்காக அல்ல.

படிப்புக்காகக் கடன் வாங்கியவர் ஏதாவது ஒரு கல்லூரியில் பாதி நேர மாணவராக இருக்கும்வரை தவணை கேட்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அறுபது தாண்டியும் பட்டம் இல்லாதவர்களுக்குச் கட்டணம் வாங்காமல் பாடம் சொல்லித் தருவது ஊர்ச் சமுதாயக் கல்லூரியின் விதி. இந்த இரண்டையும் போட்ட பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே கிடையாது போலிருக்கிறது. வெர்னிட்டா இரண்டு விதிகளுக்கும் கல்யாணம் செய்து வைத்தாள். பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்தால் போதும், பாதி நேர மாணவி. மண்பாண்டம் எடுத்தாள். நீச்சல் எடுத்தாள். சேர்ந்திசை, நட்சத்திரம் பார்ப்பது என்று உடம்புக்கும் மூளைக்கும் நோகாத பாடமாகப் பார்த்துப் பொறுக்கினாள். அந்த நம்பிக்கையில்தான் போன ஜூன் மாதம் பள்ளிப் பேருந்து அலுவலக வேலையிலிருந்து ஓய்வும் வாங்கினாள்.

கடன் பழைய கடன். முப்பத்தெட்டு வயதில், டீச்சர் ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாம் வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க வேறு ஆள் இல்லை. படிப்பு நின்றது, கடன் நிற்கவில்லை. வாங்கியதைவிட அதிகம் கட்டிவிட்டாள். கட்டியதைவிட அதிகம் பாக்கி இருந்தது. அவளோடு அதே வருஷம் கடன் வாங்கிய டெபி என்ற வெள்ளைக்காரத் தோழிக்கு, அவள் அப்பா ஒரு துண்டு நிலத்தை விற்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். வெர்னிட்டாவின் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் பீச் பழம் பறித்தவர். விற்க என்ன இருக்கிறது, கூடையா?

ஓய்வூதியத்தில் வீட்டு வரி, கரண்ட், ரத்த அழுத்த மாத்திரை, சபைக்குக் காணிக்கை எல்லாம் அடங்கிவிடும். அதில் கடன் தவணையும் வந்து உட்கார்ந்தால் அம்மா விட்டுப்போன வீட்டை விற்க வேண்டும், அல்லது விடிகாலையில் எழுந்து மறுபடி வேலைக்கு ஓட வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ஏப்ரலில் வந்தது இடி. கல்லூரி ஆலோசகர், கழுத்தில் பூப்போட்ட டை கட்டிய இளைஞன், அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"மிஸ் வெர்னிட்டா, உங்களுக்கு ஒரு ஆச்சரியம்! நீங்க பழைய யூனிவர்சிட்டியில படிச்சதையெல்லாம் நானே தேடிக் கொண்டாந்து சேர்த்துட்டேன். நீச்சல் உடற்கல்விக்கு ஆச்சு, மண்பாண்டம் கலைக்கு ஆச்சு, நட்சத்திரம் அறிவியலுக்கு ஆச்சு. இப்ப எடுக்கறீங்களே, மேடைப்பேச்சு, அது ஒண்ணு பாஸாயிட்டா மே மாசம் நீங்க பட்டதாரி!"

"உன்னை யாருப்பா சேர்க்கச் சொன்னது?" என்றாள் வெர்னிட்டா. கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனந்தக் கண்ணீர் என்று அவன் டிஷ்யூ பெட்டியை நகர்த்தினான்.

அன்று சாயங்காலம் வறுத்த மீனை நடுவில் வைத்துக்கொண்டு தோழி எர்லீனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அதுவரை எர்லீனுக்குக்கூடத் தெரியாத ரகசியம்.

"அடிப்பாவி! போதகர் உன்னை உதாரணம் காட்டி மூணு பிரசங்கம் பண்ணிட்டாருடீ!"

"அதை விடு. பட்டம் வந்தா இலவசம் போச்சு. காசு கட்டிப் படிக்க நான் எங்க போவேன்? கடன்காரன் வாசல்ல வந்து நிப்பான்."

"அந்தப் பேச்சு வகுப்பை விட்டுட்டு நின்னுடு."

"நின்னா ஒரே பாடம்தான் மிச்சம். பாதி நேர மாணவி இல்லைன்னு ஆயிடும். தேர்வுக்குப் போகாம இருந்தாலும் விலகிட்டதா எழுதிடுவாங்க. போகணும், போய் ஒழுங்கா ஃபெயிலாகணும்."

"எப்படி?"

"அஞ்சு நிமிஷம் மேடையில பேசணும். நான் வாயே திறக்கப் போறதில்ல."

எர்லீன் மீன் முள் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்தாள். "நீயா? பேசாமயா? உன் புருஷன் ஃப்ளோரிடாவுக்கு ஓடினதே கொஞ்சம் அமைதி கிடைக்கும்னுதானடீ! ஞாயித்துக்கிழமை சபையில நீ அறிவிப்பு வாசிக்க ஆரம்பிச்சா அடுப்புல வச்ச சோறு கருகுது!"

"கருகட்டும். இது என் வீடே போற விஷயம். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

எர்லீன் சத்தியம் செய்தாள். அவள் ரகசியத்தைக் காப்பாற்றவும் செய்தாள், பாதி ரகசியத்தை. 'வெர்னிட்டாவுக்குத் தேர்வு, பயந்து போயிருக்கா, ஜெபம் பண்ணுங்க' என்பதை மட்டும் சபைச் சகோதரிகளிடம் சொன்னாள். ஜெபம் பண்ணுங்கள் என்றால் வீட்டிலிருந்தபடியே பண்ணுகிற ரகம் அல்ல அவர்கள்.

தேர்வன்று வெர்னிட்டா வகுப்புக்குள் நுழைந்தபோது பின்வரிசையில் நான்கு பெரிய தொப்பிகள் உட்கார்ந்திருந்தன. புதன்கிழமையில், சபைச் சகோதரிகளின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள்! நடுவில் சிஸ்டர் மோசெல், சபையில் எல்லோருக்கும் மூத்தவள், கையில் வெள்ளைக் கையுறை. ஓரத்தில் எர்லீன், கூரையில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டியவங்களைக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருந்தேன்ல, நீங்க ஒருத்தர்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க, மிஸ் வெர்னிட்டா," என்று பூரித்தாள் ஆசிரியை ஷாந்தெல் ரக்கர். முப்பதைச் சற்றே தாண்டிய பெண். நல்லவள்தான், ஆனால் எந்நேரமும் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவளைப் போலவே இருப்பாள்.

'என் வாழ்க்கையை மாற்றிய ஒரு முடிவு' என்பது தலைப்பு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, நாய்க்குட்டி வாங்கியதையும் காதலனை விட்டதையும் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். வெர்னிட்டாவின் முறை வந்தது. மேடையேறினாள், நின்றாள், உதட்டை இறுக்கி மூடினாள்.

வகுப்பு காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள். நாக்கு உள்ளே துள்ளியது. பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். இப்படியே நின்றால் போதும் என்று நினைத்த அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நிதானமா சொல்லுடீ, நிதானமா!"

எர்லீன்! எல்லாம் தெரிந்த எர்லீன்! அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தச் சபையில் பிறந்து வளர்ந்த பெண் எவளாலும், ஒருத்தி எழுந்து நின்று வார்த்தை வராமல் தவிக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. குழந்தை விழப்போனால் கை நீளுவதைப் போல வாய் தானாகத் திறந்துவிடும்.

"ஆண்டவரே, அவளைத் தாங்கிப் புடியும்!" என்றது இரண்டாவது தொப்பி.

வெர்னிட்டா எர்லீனைப் பார்த்து முறைத்தாள்.

"ஆமா! பார்வையே பேசுது!" என்றது மூன்றாவது தொப்பி.

வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"வேண்டவே வேண்டாம்! அந்தக் காலம் இனி வேண்டாம்!" என்று சிஸ்டர் மோசெல் எழுந்தே விட்டாள். "நீ சொல்லு மகளே, நாங்க இருக்கோம்!"

பிள்ளைகள் போனைக் கீழே வைத்தார்கள். ஒரு பையன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வெர்னிட்டாவுக்கு வியர்த்தது, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். அவ்வளவுதான், முன்வரிசைப் பெண் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். "ஆமென்" என்றது ஒரு இளம் குரல். அதைச் சொன்னவன் எந்தச் சபைக்கும் போகாதவன் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் மூச்சு விட்டால் "சத்தியம்!" என்றார்கள். கண்ணை மூடினால் "தேங்க் யூ ஜீசஸ்!" என்றார்கள். ஐந்து நிமிடம் முடிந்து மணி அடித்தபோது வகுப்பு முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. சிஸ்டர் மோசெல் கையுறையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "இந்த மாதிரி பேச்சை நான் கேட்டதே இல்ல," என்றாள்.

வெர்னிட்டா தொப்பிகளையெல்லாம் காருக்கு அனுப்பிவிட்டு, வகுப்பு காலியாகும்வரை நின்றாள்.

"கண்ணு ஷாந்தெல், எனக்கு ஃபெயில் போடு."

"ஃபெயிலா? 'ஏ' கிரேடு போட இருக்கேன்! எல்லாரும் பேசினாங்க, ஒருத்தரும் கேக்கல. நீங்க பேசாமலே எல்லாரையும் கட்டிப் போட்டுட்டீங்க."

"நான் கட்டிப் போடல. அவளுங்க கட்டிப் போட்டாளுங்க. நான் தோக்கத்தான் நின்னேன்." பிறகு நடந்ததை நடந்தபடியே சொன்னாள். கடன், அம்மா, மண்பாண்டம், வீடு, ஒன்றையும் விடவில்லை.

ஷாந்தெல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு ஃபெயில் போட முடியாது, மிஸ் வெர்னிட்டா. நான் மூணு காலேஜ்ல வகுப்பு எடுக்கறேன். ஒண்ணும் நிரந்தரம் கிடையாது. ஃபெயில் ஏறினா அடுத்த பருவத்துக்கு வகுப்பு தரமாட்டாங்க. இந்த வகுப்புல ஏற்கெனவே ரெண்டு ஃபெயில். இன்னொண்ணு விழுந்தா அவ்வளவுதான். மூணு பட்டம் வாங்கியிருக்கேன். மூணும் கடன். அது உங்க கடனையே முழுங்கிடும். இன்னும் அம்மா வீட்டு ஹால்லதான் படுக்கறேன்."

வெர்னிட்டாவுக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக வந்தது. ஆனால் அந்தப் பெண்மேல் அதைக் காட்ட மனம் வரவில்லை. படிப்பை விட்டதால்தான் தனக்கு இந்தக் கதி என்று இத்தனை வருஷம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். இதோ எதிரே ஒருத்தி, படிப்பைப் பாதியில் விடாதவள், கடைசிவரை படித்து முடித்தவள், அதே குழியில் இன்னும் ஆழமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"சரி, ஏ போட்டுடு," என்றாள். "பஸ் ஆபீஸ்ல இன்னும் ஆள் எடுக்கறாங்க. எனக்குச் சீக்கிரம் எழுந்து பழக்கம்தான்."

ஷாந்தெல் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. மெல்ல நிமிர்ந்தாள், முகத்தில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

"ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு நீங்க பேசினீங்களா?"

"பேசலைன்னுதானே இவ்வளவு நேரமா சொல்றேன்!"

"பேச்சுத் தேர்வுல பேசலைன்னா, தேர்வு இன்னும் முடியலைன்னுதானே அர்த்தம்? அதுக்குன்னு ஒரு மார்க் இருக்கு. 'நிறைவடையவில்லை'ன்னு போடலாம். பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல, என் கணக்குல வராது. டிசம்பர்வரைக்கும் டைம். அதுவரைக்கும் நீங்க பட்டதாரியும் இல்ல, வேற ரெண்டு பாடம் இலவசமா எடுத்துக்கலாம்."

வெர்னிட்டா மேசையில் ஓங்கித் தட்டினாள். "அடி என் தங்கமே!" இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, திருட்டுத்தனமாகக் கரும்பு உடைத்த பிள்ளைகளைப் போலச் சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் வெர்னிட்டாவின் முகம் மெல்ல மாறியது.

"நெஜமாவே ஏ போட இருந்தியா?"

"நெஜமா."

"யூனிவர்சிட்டியில நான் வாங்கினதெல்லாம் 'பி'தான்," என்றாள். அந்த ஏ வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. பட்டமும் வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இந்த நிமிடம்வரை இதைத் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

ஷாந்தெல் கேட்டாள்: "பேசியிருந்தா என்ன பேசியிருப்பீங்க?"

வெர்னிட்டா போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து மேடையேறி, தொப்பியைச் சரிசெய்து, எதிரே இருந்த காலி நாற்காலிகளையும் ஒற்றைப் பெண்ணையும் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வயசுல நான் ஒரு முடிவு எடுத்தேன்," என்று தொடங்கினாள். "டீச்சராகணும்னு. மூணாம் கிளாஸ் டீச்சர். எந்த ஸ்கூல், எந்த ரூம்னுகூட பார்த்து வச்சிருந்தேன். ஜன்னல் பக்கத்துல ஒரு பீச் மரம்..."

ஐந்து நிமிடம் தாண்டியது. ஷாந்தெலின் அடுத்த வகுப்பு ஊருக்கு அந்தப் பக்கம் தொடங்கியிருக்கும், அவள் எழுந்திருக்கவில்லை. கீழே கார் ஹாரன் அடித்தது, எர்லீன்தான். வெர்னிட்டா நிறுத்தவில்லை. ஒரு தடுமாற்றமும் இல்லாமல், சிரிக்க வைத்து, அழ வைத்து, முடிவுவரை பேசிவிட்டுக் கீழே இறங்கினாள்.

ஷாந்தெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"மூச்சு விடாதே," என்றாள் வெர்னிட்டா, அவள் உதட்டில் விரலை வைத்து. "நான் ஒண்ணும் பேசல. நீ ஒண்ணும் கேக்கல."