மூன்று கிலோவுக்குள் ஒரு ரம்பம்

"லோகா, தீஞ்ச வாசனை வருதா உனக்கு?"

"எனக்கு மல்லிப்பூ வாசனைதான் வருது."

"பாயசம் அடிபிடிக்குது. எவனோ தீயை உள்ள தள்ளி விட்டுட்டு வேடிக்கை பாக்கப் போயிட்டான்."

"அதுக்கு நீங்க என்ன செய்ய? இன்னிக்கு நீங்கதானே மாப்பிள்ளை."

"மாப்பிள்ளைன்னா மூக்கு அடைச்சிக்குமா? நீ சாப்பிட்டுக்கிட்டு இரு. ரசத்துக்கு வந்திடறேன்."

முப்பத்து நான்கு வருஷங்களுக்கு முன், கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில், தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில் ராதாகிருஷ்ணன் தன் மனைவி லோகேஸ்வரியிடம் பேசிய முதல் பேச்சு அது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையல் கொட்டகைப் பக்கம் போனார். ரசம் வந்து போனது. மோரும் வந்து போனது. பக்கத்து இலையில் அவருக்கு வைத்த சோறு மேலெல்லாம் காய்ந்துவிட்டது. இலை எடுப்பவர் வந்து, "இதை எடுத்திரட்டுமா தங்கச்சி?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

கல்யாணச் சமையல்காரர்கள் பந்தியில் உட்காருவதில்லை. காலையிலிருந்து புகையும் தாளிப்பும் மூக்கில் ஏறி, பசி எப்போதோ செத்துப் போயிருக்கும். கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு அண்டாவின் ஓரத்தில் நின்று, உள்ளங்கையில் இரண்டு வாய் மோர்ச்சோறு. ராதாகிருஷ்ணனுக்கு அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. தட்டைக் கையில் ஏந்தி அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுதான் சாப்பிடுவார். "உக்காந்தா எனக்கு எறங்காது" என்பார். மகள் ஷாமினி பள்ளியில் சேர்ந்த நாள், அவளுடைய கல்யாண நாள், ஒவ்வொரு தீபாவளி, எல்லா நாளிலும் அவருக்கு எங்கோ ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவது அதே வாக்கியம்தான். ரசத்துக்கு வந்திடறேன்.

அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்ல வேண்டும் என்று லோகேஸ்வரிக்கு எப்போதும் ஆசை இருந்தது. முதல் வருஷம் வெட்கம். பிறகு, அவர் படும் பாட்டைப் பார்க்கும்போது வாய் வரவில்லை. வருஷங்கள் ஓடிய பின், ஒரு பெண் வாய் திறந்து கேட்பதற்கு அது மிகவும் சின்ன விஷயமாகத் தோன்றியது. அப்படியே உள்ளே வைத்துக்கொண்டாள்.

இந்த ஜனவரியில் அவருடைய இதயத்தில் கால் பங்குதான் வேலை செய்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை தாங்காது. மாத்திரைகளோடு ஆறு மாதம் போகலாம், ஒரு வருஷமும் போகலாம். உப்பைக் குறைக்க வேண்டும், படி ஏறக் கூடாது, மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. டாக்டர் சொன்ன அத்தனையிலும் ராதாகிருஷ்ணன் மனத்தில் வாங்கிக்கொண்டது அந்த மூன்று கிலோவை மட்டும்தான்.

ஏனென்றால் அடுத்த மாதம் விஷ்ணுப்ரியாவின் கல்யாணம். அவருடைய நண்பர் சுகுமாறனின் ஒரே மகள். தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் எடுத்திருந்தார்கள். விறகு அடுப்பை மண்டபத்துக்காரர்கள் விடமாட்டார்கள். அதனால் கிள்ளானில் ராதாகிருஷ்ணன் வீட்டு ஓரத்தில் இருக்கும் தகரக் கொட்டகையில் சமைத்து வேனில் ஏற்றிப் போவது என்று பேச்சு. அவள் கல்யாணச் சாப்பாடு தன் கையால்தான் என்று, அந்தப் பெண் பிறந்த அன்றே அவர் கொடுத்த வாக்கு அது.

சுகுமாறன் செய்தி கேட்டு ஓடி வந்தார்.

"டேய், நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்டா. நீ வந்து சும்மா உக்காரு."

"நான் செத்தப்புறம் வேற ஆளைப் பாரு."

"வாயக் கழுவு. லோகா, நீயாச்சும் சொல்லும்மா."

லோகேஸ்வரி காப்பிக் குவளையை நீட்டினாள்.

கொட்டகை ஓரத்தில் காப்பார் தோட்டத்திலிருந்து லோரியில் வந்து இறங்கிய ரப்பர் கட்டைகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவற்றை ஒன்றரை அடித் துண்டுகளாக்க வேண்டும். வேறு யாரையும் வெட்ட விடமாட்டார். சாம்பாருக்குத் தொடை கனத்தில் கட்டை, பாயசத்துக்குக் கை கனம், அப்பளம் பொரிக்க விரல் கனம். எந்தக் கட்டை எந்த அடுப்புக்கு என்று வெட்டும்போதே பிரித்து வைத்துவிடுவார். "சமையல் அடுப்புல தொடங்கல, இங்க தொடங்குது" என்பார். பழைய பெட்ரோல் ரம்பம் ஆறரை கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு வாரமே அதைக் கிளப்பும் கயிற்றை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். நான்காவது முறை இழுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, "மூணு கிலோவுக்குள்ள ஒரு ரம்பம் பாப்போம் லோகா" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. வேனை அவள்தான் ஓட்டினாள்.

மேரு சாலையில் இருந்த அந்தக் கடையில் மண்வெட்டி முதல் தண்ணீர்ப் பம்பு வரை எல்லாம் தொங்கின. கல்லாவில் இருந்த பெண்ணின் சட்டையில் மலர்விழி என்று பெயர் தைத்திருந்தது.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்டி. என்ன பாக்கறீங்க?"

"ரம்பம். வெயிட்டு கம்மியா."

"எதுக்கு அங்கிள்? மரம் சாய்க்கவா, கிளை கழிக்கவா?"

"விறகு. தொடை கனத்துக்கு ரப்பர் கட்டை."

அவள் முதலில் ஒரு கையால் பிடிக்கும் குட்டி ரம்பத்தை எடுத்து வைத்தாள். ஒன்றரை கிலோதான். ராதாகிருஷ்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது முருங்கைக்காய் நறுக்கவாம்மா?"

மலர்விழி சிரித்தாள். "சரி, இது பாருங்க. கரண்டுல ஓடறது. மலிவு. ஆனா வயர் இழுக்கணும்."

"கொட்டகையில எப்பவும் தரை ஈரமா இருக்கும்," என்றாள் லோகேஸ்வரி. "வயர் வேணாம்."

"அப்ப பேட்டரிதான் ஆன்டி. பன்னெண்டு இஞ்சு பிளேடு, உங்க கட்டைக்குப் போதும். கயிறு இழுக்க வேணாம், புகை இல்ல, சத்தம் கம்மி. பட்டன அமுக்கினா ஓடும், விட்டா நின்னுடும்." பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். "வெயிட்டு பாருங்க, ரெண்டு புள்ளி எட்டு."

ராதாகிருஷ்ணன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அந்த எண்ணை இரண்டு முறை படித்தார். ஷெல்பில் இருந்த மாதிரியை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தார். ஒரு நிமிடம் அசையாமல் நின்றார்.

"காத்து மாதிரி இருக்கு லோகா. பிடிச்சுப் பாரு."

அவள் பிடித்துப் பார்த்தாள். ஆமாம், லேசாகத்தான் இருந்தது. அவர் முகத்தில், பல வாரங்களாக இல்லாத ஒரு வெளிச்சம். தீபாவளிச் சட்டை அளவாக இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையின் முகம். அதைப் பார்த்ததும், வேண்டாம் என்று சொல்ல வந்தவள் ரம்பத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"சங்கிலிக்குத் தனியா எண்ணெய் ஊத்தணும், மறந்துடாதீங்க அங்கிள். சமையல் எண்ணெய் ஊத்திடாதீங்க, அப்படி ஒருத்தர் ஊத்திட்டு வந்து என்கிட்ட சண்டை போட்டாரு."

"நான் சமையல்காரன்மா. எண்ணெய நான் வீணாக்குவனா?"

ரம்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வந்தது. மணி ஒன்று. லோகேஸ்வரி வேகத்தைக் குறைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போவமா?"

"பேட்டரிக்கு சார்ஜ் போடணும் லா. பசிச்சா நீ போய் சாப்பிடு. நான் வண்டியிலயே இருக்கேன், பெட்டியப் பாத்துக்கிட்டு."

கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. ஒரு வயதான தம்பதி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா தன் இலையிலிருந்து எதையோ எடுத்து அவர் இலையில் வைத்தாள். லோகேஸ்வரி மறுபடியும் வேகத்தைக் கூட்டினாள்.

"பசிக்கல," என்றாள்.

வெயில் தாழ்ந்த பிறகு கொட்டகையில் பெட்டியைப் பிரித்தார்கள். பிளேடு தனியாக இருந்தது. சங்கிலி தனியாக இருந்தது. பேட்டரி ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. ஒவ்வொன்றாக மாட்டி, எண்ணெய் ஊற்றி முடித்ததும், எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடாத அந்த மனிதர், மிளகாயும் பருப்பும் நிறுக்கும் தொங்கு தராசின் கொக்கியில் ரம்பத்தை மாட்டினார்.

முள் மூன்றில் நிற்கவில்லை. நான்கைத் தாண்டியது. நாலரையில் ஆடி நின்றது. பெட்டியில் போட்டிருந்த எடை பேட்டரி இல்லாமல், பிளேடு இல்லாமல், சங்கிலி இல்லாமல்; கடையில் கையில் பிடித்ததும் அந்த வெறும் உடலைத்தான்.

அவர் சட்டென்று தராசுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"மூணுதான்."

அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். உப்பு ஒரு கை கூடிவிட்டால்கூட ஊரறிய ஒப்புக்கொள்கிற மனிதர் தன்னிடம் சொன்ன முதல் பொய் இதுவாகத்தான் இருக்கும் என்று லோகேஸ்வரி நினைத்தாள்.

முதல் கட்டை வெண்ணெயாக அறுந்து விழுந்தது. "பாத்தியா?" என்றார். இரண்டாவதும் விழுந்தது. அதை எடுத்துக் கையால் கனம் பார்த்து, சாம்பார் பக்கம் போட்டார். மூன்றாவதில் பாதி வரை போனதும் ரம்பத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. அவர் விரலை எடுத்தார். சங்கிலி நின்றது. கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

ஓடிப்போய்த் தண்ணீரும் நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் கொண்டு வந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." அவர் வேண்டாம் என்று கையசைத்தார். அவர் மூச்சு ஒரு வழிக்கு வரும்வரை முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நெடுநேரம் கழித்து உதட்டில் நிறம் திரும்பியது.

"அந்தக் கட்டை பாதியில நிக்குது லோகா," என்றார். பாதி வெட்டிய கட்டையிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதைத் தாங்க முடியாமல் லோகேஸ்வரி ரம்பத்தை எடுத்தாள்.

"உனக்கெதுக்கு அது?"

"பாதியில கிடக்கக் கூடாது."

அவருடைய கண் கவசத்தை மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். நாலரை கிலோ அவளுக்கு ஒரு சுமையே இல்லை. முப்பத்து நான்கு வருஷமாக அரிசி மூட்டையும் தேங்காய்க் கூடையும் தூக்கிய கைகள்.

"நுனியால தொடாத, திருப்பி உதைக்கும்," என்றார் உட்கார்ந்தபடியே. "நடுவுல வை. அமுக்காத, அதுவா எறங்கும். ஆங், அப்படித்தான்."

கட்டை விழுந்தது. அடுத்ததை இழுத்துப் போட்டாள். பிறகு இன்னொன்று. ரப்பர் மரத்தின் புளித்த பால் வாசனை கொட்டகை முழுக்க நிறைந்தது. எட்டாவது துண்டு விழுந்தபோது அவர் குரல் கேட்டது. உற்சாகமாக இருந்தது. அதுதான் அவளை என்னவோ செய்தது.

"என்னை விட நல்லா வெட்டறியே! அப்ப ஒரு கவலையும் இல்ல லோகா. நீ விறகப் போட்டுக் குடு. தூக்கறது எறக்கறதுக்கு ஆளுங்க இருக்காங்க. நான் அடுப்புகிட்ட நின்னா போதும். ஒரு ராத்திரி, ஒரு பகல். விஷ்ணுப்ரியா கல்யாணம் ஒன்னு. அப்புறம் ரம்பத்த மாட்டி வச்சிடுவோம்."

ஒரு ராத்திரி, ஒரு பகல். அந்தச் சூட்டில், அந்தப் புகையில். இந்தக் கட்டைகளை அவள் வெட்டி முடித்தால் அவர் அடுப்பருகே நிற்பார். வெட்டித் தருவதற்கு அவள் இல்லாவிட்டால் நிற்க மாட்டார். அவர் இனி எத்தனை நாள் இருப்பார் என்பது தன் விரல் நுனியில் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. நின்றால் சந்தோஷமாக நிற்பார். அதுவும் அவளுக்குத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் அவள் ஏதோ ஒரு வரிசையில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்து இலை காலியாக இருக்கும்.

விரலை எடுத்தாள். பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் இன்னொரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வேனில் போவதைத் தவிர, இரண்டு பேரும் இப்படி அருகருகே உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? கை வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

அவள் கண் கவசத்தைக் கழற்றினாள். அதன் உள்பக்கம் ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"கோவிச்சுக்கக் கூடாது. ஒன்னு கேக்கணும். நம்ம கல்யாணத்தன்னிக்கே கேட்டிருக்கணும், எனக்கு வாய் வரல."

"என்ன லோகா?"

"சுகுமாறன் அண்ணனுக்கு நான் போன் பண்றேன். வேற ஆளு சமைக்கட்டும். நல்லா இல்லாட்டி இல்லாம போகட்டும். தீஞ்ச வாசனை வந்தா வரட்டும்." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அந்தக் கல்யாணத்துல நீங்க பட்டு வேட்டி கட்டிக்கிட்டு எனக்குப் பக்கத்து இலையில உக்காருங்க. ரசத்துக்கு வந்திடறேன்னு சொல்லாம, சாம்பார்லேருந்து மோர் வரைக்கும், ஒரே ஒரு தடவை, எந்திரிக்காம என்கூட சாப்பிடுங்க."