கறவைக்காரி கடலுக்குப் போனாள்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் செல்லி ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. காரணம் கேட்டால் அவள் புருஷன் பெரியண்ணன் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டுவார். விடியற்காலை ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. இப்போதிருக்கிற பசு வெள்ளச்சியும் செல்லியின் கைக்குத்தான் பால் சுரக்கும். சொந்தத் தங்கச்சி கல்யாணத்திலேயே தாலி ஏறிய கையோடு காரிமங்கலம் பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்தவள் அவள். மாட்டைக் கட்டியிருப்பதாக ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. கட்டிக்கிடந்தது யாரென்று செல்லிக்கு மட்டும் தெரியும்.

பக்கத்துத் தெரு ரோசம்மாள் அங்கன்வாடி வேலையில் ஓய்வு பெற்றவள். பழைய ஆம்னி வேன் ஒன்று வைத்து அவளே ஓட்டுவாள். "ஐப்பசியில மரக்காணத்துல ஆரம்பிச்சு கோடியக்கரை வரைக்கும் கடலோரமாவே போகப்போறன். ஆறு நாளு. அங்கங்க சமையல், அங்கங்க படுக்கை. வரியா?" என்று கேட்டாள். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் செல்லி சரியென்றுவிட்டாள்.

பெரியண்ணன் குதித்தார். "ரெண்டு பொம்பளைங்க கடக்கரையில தார்ப்பாய் கட்டிப் படுக்கறதா? ஊரு சிரிக்கும்."

"கடலைக்காய்க் காட்டுல பன்னிக்காவலுக்கு என்னையத் தனியா படுக்க அனுப்புனீங்களே, அப்ப ஊரு சிரிக்கலீங்களா?"

 உடனே அவர், மாட்டை யார் கறப்பது என்று பிடித்துக்கொண்டார். செல்லியும் விடவில்லை, பத்து நாள் கறக்கப் பழகுங்கள் என்றாள். மனுஷர் நாலு நாள் பக்கத்தில் குந்திப் பார்த்துவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று எழுந்துபோய்விட்டார். புறப்படுகிற அன்று விடியற்காலை அவளே கறந்து முடித்தாள். கறவைக்கென்றே வைத்திருக்கும் காவிக்கலர் புடவையைத் துவைக்க நேரமில்லை, கொட்டகைக் கொடியில் அப்படியே போட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

கடலைக்காய் உலர்த்துகிற தார்ப்பாய்தான் கூடாரம். வேன் கூரையில் ஒரு பக்கத்தைக் கட்டி, மறுபக்கத்துக்குத் தைலமரக் கம்புகளை நட்டாள் செல்லி. சுற்றிலும் களைக்கொத்தால் வாய்க்கால் பறித்தாள். மரக்காணத்தில் கொட்டிய மழையில் உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. இருபது வருஷம் பன்றிக்காவல் இருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் அங்கே காவலுக்குப் படுத்தாள். இங்கே சும்மா படுத்தாள். சும்மா படுப்பது இத்தனை சுகமாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் தரங்கம்பாடி. கிழக்கு வெளுக்கும்போது போன் அடித்தது.

"நீ போனதுலருந்து கொறஞ்சுக்கிட்டே வந்து, நேத்து சாயங்காலம் ரெண்டு லிட்டர்கூட வரல. இப்ப ஒதைச்சு பக்கெட்டையே கவுத்துருச்சு. மடி கல்லாட்டம் கெடக்குது. மடிநோவு வந்துருச்சுன்னா மாட்டையே மறந்துர வேண்டியதுதான். அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வந்துரு," என்றார் பெரியண்ணன்.

 வெள்ளச்சியைச் செல்லி பிள்ளையாகத்தான் வளர்த்தாள். ரோசம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "திரும்பணும்னா திரும்பலாம். நீதான் சொல்லணும்."

செல்லி கடலைப் பார்த்தாள். இப்போது திரும்பினால் இனி எந்தக் காலத்திலும் வர முடியாது, "அன்னிக்கு என்னாச்சு பாத்தியா" என்றே வாயை அடைத்துவிடுவார்கள். வந்த அழுகையை விழுங்கினாள். அழுகை போன இடத்தில் கோபம் வந்தது. கோபம் வந்ததும் புத்தியும் வந்தது.

"ஏங்க, வேட்டியோடவா குந்துனீங்க?"

"பின்ன?"

"பீடி நாத்தத்தோட வேட்டி கட்டிப் போனா அதுக்கு ஆளு தெரியுமா? கொடியில எம் பொடவை கெடக்குது. அதைக் கட்டிக்கிட்டு, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டுக் குந்துங்க."

 "பால் வண்டி வர்ற நேரம். எவனாவது பாத்தா?" என்றார்.

"பாத்தா பாக்கட்டும். இத்தினி வருசமா நான் கட்டறன். எனக்கு ஒண்ணும் ஆயிடல."

போனை வைத்துவிட்டாள்.  ரோசம்மாள் கொடுத்த டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சூரியன் தண்ணீரை விட்டு முழுசாக மேலே வந்தது. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாள், பார்த்தும் மனசில் ஏறவில்லை.

அரை மணி கழித்துப் போன் வந்தது.  பக்கெட்டில் சர்ர், சர்ர் என்று பால் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. செல்லி கண்ணை மூடிக் கேட்டாள். முதலில் பக்கெட்டின் அடியில் ஒலித்தது, பிறகு நுரைக்குள் அமுங்கியது. நாலு லிட்டராவது இருக்கும்.

"பால் வண்டிக்காரன் பாத்துட்டான்," என்றார் பெரியண்ணன். குரலில் முறுக்கு இறங்கியிருந்தது. "சிரிச்சான். போவட்டும். மடி எளகிருச்சு. நீ எப்ப வர?"

"கோடியக்கரை பாத்துட்டுத்தான்."

"அதுக்கு இன்னும் மூணு நாளு ஆவுமே."

"ஆவும். பொடவையத் துவைச்சுப் போட்டுராதீங்க. வாசம் போச்சுன்னா மாடு நிக்காது. சாயங்காலமும் அதையே கட்டுங்க."